கிளிப் இல்லாத புத்தகம்

எங்கள் குடும்பத்தில் துப்பறியும் நாவல் கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. கொடுப்பவர் கடைசி அத்தியாயத்தைக் கறுப்புக் கிளிப்பால் கவ்வவைத்துத்தான் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அந்த இடம்வரை படித்துவிட்டு, ஃபோன் செய்து, கொலையாளி யார், எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கிளிப்பைக் கழற்றலாம். சட்டம் போட்டவர் அண்ணி. பதினோரு வருடமாக மீறாதவரும் அவர்தான். நான் ஒருமுறை திருட்டுத்தனமாகக் கழற்றிப் படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் ஃபோன் செய்தேன். "விடை சரிதான். ஆனா இவ்வளவு சீக்கிரம் சரியா சொல்ற ஆளில்லையே நீ" என்றார்.

அண்ணி மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறார். படம் எடுப்பவர் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் படம் எடுத்து முடிந்து சட்டைப் பொத்தானைப் போடும்போதே நோயாளிகள் எல்லோரும் தேடுவது அவர் முகத்தைத்தானாம். இருபது வருடத்தில் அந்த முகத்தைத் துடைத்த சிலேட்டாகப் பழக்கிவிட்டார். அவளோடு சீட்டாடினால் தோல்விதான் என்று அண்ணன் புலம்புவான்.

போன திங்கட்கிழமை அந்த முகத்தின் முன்னால் நான் நின்றேன். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு சின்ன உருண்டை கையில் தட்டுப்பட்டிருந்தது. அண்ணியே என்னை இயந்திரத்துக்கு முன் நிறுத்தினார், தோளைத் திருப்பினார், மூச்சைப் பிடிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். அங்கே அவரோடு வேலை செய்யும் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்தபோது சிலேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வியாழக்கிழமை டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றார். பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து, நடுவில் கீழே வைக்க மனசு வராது என்று சொல்லிக் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். கிளிப் இல்லை.

மறுநாள் வேறு மாடியில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் முன்பின் தெரியாதவர். அவர் முகத்தில் எதையும் தேடத் தோன்றவில்லை. அண்ணிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை அரித்தது. என் உடம்பைப் பற்றிய செய்தி என்னைத் தாண்டி இன்னொருத்தரிடம் போய் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, வெட்கப்படும் அளவுக்கு, ஆர்வம் இருந்தது.

ஆகவே அந்த நாவலை நான் படிக்கவில்லை, துப்பறிந்தேன். எப்போதும் தலையணை மாதிரி தடிமனாகத் தேடித் தருகிறவர், இந்தத் தடவை ஏன் நூற்றைம்பது பக்கம் தந்தார்? ஒன்பதாம் பக்கத்தில் சாகிறவள் ஏன் என் வயதுக்காரி? நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கடைசி வரியை முடித்துவிட்டு என்னையே பார்த்தபடி இருந்தார். நான் அண்ணியின் முதுகை யோசித்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றேன். சட்டத்தை மீறாதவர் ஒருத்திக்கு மட்டும் சலுகை காட்டியிருக்கிறார். முடிவுக்காகக் காத்திருக்க அவளுக்கு நாள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நாவலை அவர் மடியில் வைத்தேன்.

"கிளிப் போடலையே அண்ணி. எனக்கு நேரமில்லன்னுதானே?"

"போடலையா?" என்றார். கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். தடவிக்கூடப் பார்த்தார்.

நான் தடயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கக் கணக்கு, ஒன்பதாம் பக்கம், திரும்பி நின்ற முதுகு. ஃபோனில் கேட்பதுபோலவே குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தடயமெல்லாம் சரி. ஆளைத்தான் தப்பாப் புடிச்சிட்டே" என்றார். "நான் படத்தையே பாக்கலடி. சரியா விழுந்திருக்கான்னு அவளைப் பாக்கச் சொல்லிட்டுத் திரும்பி நின்னுட்டேன். பாத்துட்டு உன்கிட்ட எப்படி முகத்தை வெச்சுக்கிறது? அன்னிக்கு பையில கைக்கு வந்த புத்தகத்தைக் குடுத்தேன். அது சின்னதா பெரிசான்னுகூடத் தெரியாது."

மூன்று நாளாக அவருக்குத் தெரியும் என்று நினைத்து அவர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவரோ என்னைப் போலவே இருட்டில் இருந்திருக்கிறார். கையெட்டும் தூரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு. யாருக்காக இப்படி இருக்க முடியும் என்று யோசித்தேன். எனக்காக என்பது உடனே புரியவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். அண்ணி அவள் முகத்தையே பார்த்தார். கண்ணிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து கையில் இருந்த உறைக்கு. நர்ஸ் எல்லோரிடமும் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

உள்ளே டாக்டர் திரையில் படத்தைப் போட்டார். அண்ணி மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேனையும் சேத்துப் பாத்தாச்சு. வெறும் நீர்க்கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பாப்போம்."

நான் கிளம்ப எழுந்தேன். அண்ணி பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுந்துபோய், டாக்டரையே கொஞ்சம் ஒதுங்கச் செய்து, திரையின்முன் குனிந்தார்.

"எங்க, இந்த ஓரமா? அந்தப் பக்கத்துப் படத்தையும் போடுங்க."

வெளியே ஆள் காத்திருப்பதை டாக்டர் நினைவுபடுத்தினார். அண்ணி நகரவில்லை. நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று, எழுந்தவள் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.