தண்ணீர் தொடாத படகோட்டி

விபத்து நடந்த பதினோராம் நாள், காலை ஏழேகால் மணிக்கு, தண்ணீர் படகோட்டியைத் தொட மறுத்தது. குளியலறையில் அவர் தலையில் ஊற்றிய முதல் குவளைத் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இரண்டாவது குவளையும் அப்படியே. வாளிக்குள் கையை விட்டார். கை போன இடமெல்லாம் தண்ணீர் ஒதுங்கி வழிவிட்டது. காய்ந்த உடம்பையே துண்டால் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். குடிக்க மட்டும் தடையில்லை. டீயும் தண்ணீர்தானே, அதற்கு மட்டும் ஏன் ரோஷம் வரவில்லை என்று கேட்டால் எங்களுக்கும் தெரியாது.

விபத்து இதுதான். ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் அந்தப் படகின் புரொப்பெல்லரில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது களை சுற்றிக்கொள்ளும். யாராவது கத்தியோடு இறங்கி அறுத்துவிட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் இறங்கலாம் என்று சட்டம். ஆனால் அந்தக் கிழட்டு எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் நியூட்ரலில் ஓடவிட்டபடியே இறங்குவது எல்லோருக்கும் வழக்கம். அன்று இறங்கியவர் படகோட்டியின் தங்கை கணவர். அதே படகில்தான் வேலை. "எறங்குறேன் மச்சான்!" என்று பின்னாலிருந்து கத்தினார். "சரி மாப்ளே" என்றார் படகோட்டி. அக்கரையில் கையை ஆட்டி ஏசிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில், சரி என்று தானே சொன்னதை மறந்து லீவரைத் தள்ளினார். மாப்பிள்ளையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், "சொல்லாம குதிச்சுட்டாரு சார்" என்றார் படகோட்டி. வாய்தவறி வந்ததல்ல, காலையிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக்கொண்டு, மாப்பிள்ளையை வேலையைவிட்டு நீக்கியது. தங்கையும் அண்ணன் சொன்னதையே நம்பினாள். எப்போதும் உங்களுக்கு அவசரம்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கட்டின புருஷனைத் திட்டித் தீர்த்தாள். மருந்து மயக்கத்தில் கிடந்த மனுஷனுக்கு எதுவும் நிச்சயமாக ஞாபகமில்லை. பத்தாம் நாள், பார்க்க வந்த படகோட்டியிடம் மெதுவாகக் கேட்டார்: "நான்தான் சொல்லாம எறங்கிட்டேனோ மச்சான்?"

"விடுங்க மாப்ளே, நடந்தது நடந்துபோச்சு" என்றார் படகோட்டி. அப்போது அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார் என்பதை எழுதவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

தோல் வியாதி என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். களிம்பு ஒட்டியது, தண்ணீர் ஒட்டவில்லை. ஒருநாள் படகுத்துறையில் கால் வழுக்கி ஆற்றில் விழுந்தார். ஆறு அடிச்சேறு வரை விலகி, அவரைச் சேற்றில் உட்காரவைத்தது. அதோடு விஷயம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. கொடுத்துவைத்த மனுஷன், மனசு சுத்தம், அதனால்தான் ஆறே மரியாதை கொடுக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். படகின் அடியைப் பழுதுபார்க்கும் நாட்களில் கம்பெனி அவரை ஆற்றுக்குள் நிற்கவைக்கும். பக்கத்தில் மெக்கானிக்குகள் நனையாமல் வேலை பார்ப்பார்கள். தலைமைப் படகோட்டியாக உயர்த்தினார்கள். பாராட்டப் பாராட்ட அவர் கூனிக்குறுகினார். அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

ஐந்தாம் மாதம் தங்கை, கட்டைக்கால் பழகிக்கொண்டிருந்த கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள், அண்ணனின் பெருமையைக் காட்ட. துறையில் நாற்பது பேர் படகுக்குக் காத்திருந்தார்கள். படகோட்டி இறங்க, ஆறு விலகியது. மாப்பிள்ளை கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு, பொறாமை துளியும் இல்லாமல் சொன்னார்: "என் அவசரத்துக்கு எனக்கு இது. உங்க நிதானத்துக்கு உங்களுக்கு அது. சரியாத்தான் இருக்கு மச்சான்."

படகோட்டியால் அதற்குமேல் சேற்றில் நிற்க முடியவில்லை. "நீங்க சொன்னீங்க மாப்ளே" என்றார். "கத்திச் சொன்னீங்க. நான் சரின்னும் சொன்னேன். சொல்லிட்டுத்தான் லீவரைத் தள்ளினேன்."

நாற்பது பேரும் கேட்டார்கள். மாப்பிள்ளை தன் கட்டைக்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்ப நான் சொல்லியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தங்கை அண்ணனைப் பார்த்து, "அஞ்சு மாசமா அவரையில்ல திட்டினேன்" என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது.

உண்மையைச் சொன்னால் தண்ணீர் திரும்பிவிடும் என்று படகோட்டி உள்ளூர எதிர்பார்த்திருக்க வேண்டும். திரும்பவில்லை. கம்பெனி தன் எழுத்தை மாற்றி எழுதி, மாப்பிள்ளையை டிக்கெட் கவுன்டரில் உட்காரவைத்தது. படகோட்டியின் லீவரைப் பிடுங்கிக்கொண்டு, களை அறுக்கும் கத்தியைக் கொடுத்தது. ஒன்பது வருஷமாக அவர்தான் இறங்குகிறார், காய்ந்த சேற்றில். மழையும் அவரைத் தொடுவதில்லை. தூறல் விழுந்தால், குடை இல்லாதவர்கள் அவரை நெருங்கி நின்றுகொள்வார்கள். கூரைக்கடியில் ஒதுங்குவதுபோல, அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுகூட இல்லை. மாப்பிள்ளையும் சில நாள் வந்து நிற்பார், மழையைப் பற்றி ஏதாவது பேசுவார். சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வரும் தங்கை இரண்டடி தள்ளி நின்று, முழுக்க நனைந்து, வாளியைக் கணவரிடம் நீட்டிவிட்டுப் போவாள்.