கூர்க்கன் கஷாயம்

மனைவி செலினா விபத்தில் போய் நாலு மாதமாகிறது. ரெக்ஸ் இன்னும் மாமனார் வீட்டில்தான் இருந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. போகலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை.

அன்று விடிந்ததிலிருந்து மாமியார் இஞ்ஞாசியம்மாளுக்கு வயிற்றோட்டம். ஒன்பது முறை, வடிகஞ்சி போல. கண் குழிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் மலைமேல் கரியாலூருக்குப் போயிருந்தது. இறங்கி வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள்.

மாமனார் அந்தோணிதாஸ் டம்ளரோடு வந்தார். மருந்துக் கம்பெனிக்கு விற்கக் காட்டில் பயிரிட்டிருந்த மருந்துக்கூர்க்கன் கிழங்கை இடித்துக் காய்ச்சியிருந்தார்.

"எந்திரி, குடி. லாரி லாரியா வாங்கிக்கினு போறான், நம்ம வூட்டுக்கு ஆவாதா?"

அந்தக் கிழங்கின் சத்தை வைத்துத்தான் ரெக்ஸ் எம்.எஸ்ஸி.யில் ஆய்வு செய்தான். செல்லின் சவ்வில் அடினைலேட் சைக்ளேஸ் என்றொரு நொதி. அது சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைச் செய்து உள்ளே சேதி அனுப்பும். குடலில் அந்தச் சேதி மிஞ்சினால் உடம்பின் நீரெல்லாம் வெளியே கொட்டும். வடிகஞ்சி போலப் போவது காலராவாக இருக்கலாம்; அதன் நஞ்சு அந்த நொதியை ஓயவிடாது. கூர்க்கனும் அதே நொதியைத்தான் முடுக்கும். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

டம்ளர் உதட்டருகே போயிற்று. தடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை. நாலு மாதமாக எதற்கும் அப்படித்தான்.

"குடிக்காதீங்க அத்த." தன் குரலே யாரோ பேசியது போலிருந்தது.

"ஏன் மாப்ள, கம்பெனிக்காரன் இன்னா பைத்தியக்காரனா?"

"அது வேற நோவுக்கு. இப்ப குடுத்தா ஜாஸ்தியாப் பூடும். பிரஷரும் எறங்கிடும்."

"அப்ப நிறுத்தறதுக்கு இன்னாதான் மருந்து?"

நொதியை அடக்கும் தடுப்பான்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. தட்டில் வளர்ந்த செல்களுக்கு அவனே சொட்டு சொட்டாக விட்டிருக்கிறான். மனிதருக்குத் தருவதற்கல்ல அவை.

"நம்மகிட்ட இல்ல மாமா. போற தண்ணிய திரும்ப ஊத்தலாம். அவ்ளோதான்."

டம்ளரை வாங்கி வாசலில் கொட்டினான். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினான். வாந்தியெடுத்தாள். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி புகட்டினான்.

"உப்புத்தண்ணி கரைக்கவா மாப்ள அஞ்சு வருசம் படிச்சீங்க?"

"இதுக்குந்தான்."

இரண்டு மணி நேரம் கழித்துக் கொல்லைப்பக்கமிருந்து அந்தோணிதாஸ் கத்தினார்.

"மாப்ள! உங்க அத்தைக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சி!"

"எவ்ளோ?"

"இன்னா கேள்வி இது? படி வச்சா அளக்கறது?"

"அத ஏன்யா ஊருக்கே சொல்லிக்கினு கீற?" இஞ்ஞாசியம்மாளின் குரல் மெலிந்திருந்தது. ஆனால் அதில் கோபம் இருந்தது.

உடம்பில் நீர் தங்கத் தொடங்கிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று ரெக்ஸுக்குத் தெரிந்தது. அடுத்த லிட்டருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தான்.