அப்லோட் பட்டன்

எனக்கு வாய் அதிகம்னு அக்கா எப்பவும் சொல்லுவா. என்கூடவே இருந்த அக்கா இப்போ மகன் வீட்டோட போயிட்டா, ஒண்ணரை வருஷமாச்சு. அதுக்கப்புறம் இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சுவத்தோடயா பேச முடியும்? பேசியும் பார்த்திருக்கேன், அது வேற விஷயம்.

நான் பார்க்கிறது கஸ்டமர் சப்போர்ட் வேலை. ஆன்லைன்லயே வீடியோவை வெட்டி ஒட்டுற ஒரு சாஃப்ட்வேர். அதுல மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா எடுத்துப் பேசணும். வீட்டிலிருந்தே வேலை. ஒரு அறை, ஒரு மேசை, தலையில ஹெட்செட், எதிர்ல பச்சை பெயின்ட் அடிச்ச சுவர். பத்துல ஏழு பேருக்கு ஒரே புகார்தான்: ஃபைலை இழுத்துட்டு வந்து விடறாங்களாம், உள்ளே போக மாட்டேங்குதாம். நாலு கேள்வி கேட்டாலே கோளாறு எங்கேன்னு எனக்குத் தெரிஞ்சிடும். எங்க டீம்ல சீக்கிரம் முடிக்கிறவ நான்தான், சராசரியா எட்டு நிமிஷம். டீம் லீடர் மாசாமாசம் பாராட்டி மெயில் போடுவார். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, கோளாறு சரியான அடுத்த நொடி ஆளும் போயிடுவாங்க. "தேங்க்ஸ் மேடம்", டொக். எவ்வளவு கெட்டிக்காரியா இருக்கேனோ அவ்வளவு சீக்கிரம் மறுபடியும் தனியா உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில பத்தே முக்காலுக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் கூப்பிட்டார். முந்தின நாள் எனக்கு லீவு. அன்னைக்கு முழுக்க என் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு, கடைக்காரர்கிட்ட சொன்ன "பை வேணாம்". அந்த நிலைமையில இருந்தேன்னு முதல்லயே சொல்லிடறேன். அது சமாதானம் இல்லை, நடந்தது அப்படி.

மனுஷனுக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும்னுதான் பேச்சையே ஆரம்பிச்சார். நான் கேட்டதும் தன் ஸ்க்ரீனை எனக்குக் காட்டினார். இடது பக்கம் வீடியோ இருக்கிற ஃபோல்டர், வலது பக்கம் எங்க சாஃப்ட்வேர். ஒரு ஃபைலைப் பிடிச்சு மெதுவா இழுத்துட்டு வந்தார். வலது பக்கம் வந்ததும், குறுக்கே கோடு போட்ட சிவப்பு வட்டம் வந்துச்சு. விட்டார். ஃபைல் பழைய இடத்துக்கே போயிடுச்சு. காலையிலிருந்து இப்படியே முப்பது தடவை ஆச்சுன்னார்.

கம்ப்யூட்டர் அவர் வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினதாம். பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் ஸ்க்ரீன் இருட்டாகி ஏதோ அனுமதி கேட்குமாம், இவரும் சரின்னு அமுக்குவாராம். அதைச் சொன்னதுமே எனக்குப் பொறி தட்டிடுச்சு. யாரோ அந்த பிரவுசர் எப்பவும் அட்மின் அதிகாரத்தோட திறக்கிற மாதிரி வெச்சிருக்காங்க. சாதாரண ஃபோல்டரிலிருந்து அந்த மாதிரி பிரவுசருக்குள்ள எதையும் இழுத்துப் போட கம்ப்யூட்டர் விடாது. அதை மாத்தக்கூட வேணாம். அவர் கண்ணு முன்னாடியே அப்லோட்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கி ஃபைலைக் காட்டினா தானா ஏறிடும். அவர் அதைத் தொடவே இல்லை. ஏன்னா, "இழுத்துப் போடுங்கப்பா, அவ்வளவுதான்"னு மகள் ஃபோன்ல சொல்லியிருக்கா. மகள் சொன்னதுக்கு மேல ஒரு பட்டனையும் அமுக்க மனுஷன் தயாரா இல்லை.

ரெண்டு நிமிஷ வேலை. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா? ஞாயித்துக்கிழமையும் வேலையா?"ன்னு கேட்டார்.

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை என்கிட்ட ஒருத்தர் கேட்டு எத்தனை மாசமாச்சுன்னு எனக்கே தெரியல. திறந்த வாயால அப்லோட் பட்டனைப் பத்திச் சொல்லல. "சாப்பிட்டேன் சார், நீங்க?"ன்னு கேட்டேன்.

எங்க கம்பெனி ஒரு பட்டியல் கொடுத்திருக்கு. இழுக்கிற கோளாறுக்கு ஒன்பது படி, வரிசையா செய்யணும்னு விதி. டீம்ல ஒருத்தரும் அதை மதிக்கிறதில்லை, முக்கியமா நான். அன்னைக்கு முதல் படியிலிருந்து ஆரம்பிச்சேன். பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணச் சொன்னேன். பழைய தற்காலிக ஃபைல்களை அழிக்கச் சொன்னேன். மவுஸைக் கழட்டி மாட்டச் சொன்னேன். இதெல்லாம் உதவாதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காத்திருக்கிற நேரத்துல அவர் பேசினார், நான் கேட்டேன்.

நல்லாவும் பேசினார். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கதையா சொன்னார். ஒரு வக்கீல் உள்ளே இருந்துக்கிட்டே கேஸ் போடுவேன்னு மிரட்டினாராம். கதவு திறந்ததும் முதல் ஆளா பாத்ரூமுக்கு ஓடினாராம். நான் சத்தமா சிரிச்சேன். என் சிரிப்பு அந்த அறையில எப்படிக் கேட்கும்னே மறந்து போயிருந்தேன்.

அஞ்சாவது படி கம்ப்யூட்டரை அணைச்சுத் திறக்கிறது. பழைய பெட்டி, உசிர் வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அந்த இடைவெளியிலதான் வீடியோ எதுக்குன்னு சொன்னார். அன்னைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம். இவர் போகல. இவர் வந்தா அம்மா வர மாட்டாங்கன்னு மகளே சொல்லிட்டா. வர முடியாதவங்க அனுப்புற வீடியோவை ஹால்ல திரை கட்டிப் போடுவாங்களாம், அதுக்குத்தான் இவர் மூணு துண்டு வீடியோவை ஒண்ணா ஒட்டணும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வீட்டை விட்டுப் போறப்போ, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் பொண்டாட்டி மேல ஒரு பழியைப் போட்டுட்டுப் போயிருக்கார். பொய்ப் பழி. கோவத்துல வந்த பேச்சு, அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. அந்த அம்மா இத்தனை வருஷமா அதைச் சுமந்துக்கிட்டு அதே சொந்தங்களுக்கு நடுவுல இருந்திருக்காங்க.

"நாலு பேர் முன்னாடி சொன்னேன். நாலு பேர் முன்னாடிதான் அது பொய்னும் சொல்லணும். இன்னைக்கு அதே நாலு பேரும் ஒரே ஹால்ல இருக்காங்க. இன்னொரு தடவை இப்படிக் கூட மாட்டாங்கம்மா" என்றார்.

அப்பவும் நான் பட்டனைப் பத்திச் சொல்லல. கல்யாண வீடியோவெல்லாம் சாயங்காலம் ரிசப்ஷன்லதானே போடுவாங்க, நேரம் கிடக்குன்னு நானா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன். கேட்டுப் பார்க்கல. கேட்டா அந்தப் பேச்சு முடிஞ்சிடுமேன்னு ஒரு பயம். இதை எழுதும்போது என் மேலயே எனக்குக் கோவம் வருது.

ஏழாவது படியில இருந்தோம். ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்துட்டு, "இல்லம்மா, பரவாயில்லை, அடுத்ததைப் பார்க்கலாம்"னு எனக்கே ஆறுதல் சொன்னார். அப்புறம் ரொம்பத் தயங்கி, பன்னெண்டு மணிக்கு எல்லா வீடியோவையும் வரிசையா போட்டுடுவாங்களாம், அதுக்குள்ள முடியுமான்னு கேட்டார். மணி பதினொண்ணு நாப்பத்தொண்ணு. இவ்வளவு நேரம் ஏன் சார் சொல்லலைன்னு கேட்டேன். வேலை தெரிஞ்சவங்களை அவசரப்படுத்தக் கூடாதுன்னு இருந்தாராம்.

அப்லோட் பட்டனை அமுக்குங்கன்னு கிட்டத்தட்ட கத்தினேன். அமுக்கினார். ஃபோல்டர் திறந்துச்சு, மூணு ஃபைலும் ஏற ஆரம்பிச்சுது. "அட, இவ்வளவுதானா?"ன்னு சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டார். அவர் வீட்டு நெட் ஆமை வேகம். ஏறி முடிக்கும்போது பதினொண்ணு ஐம்பத்தஞ்சு. மூணையும் வரிசையா அடுக்க வெச்சேன், ரெண்டு நிமிஷத்துல முடிச்சோம். ஒரே வீடியோவா மாறுறதுக்குள்ள பன்னெண்டு தாண்டிடுச்சு. நாப்பது சதவீதம், அம்பது, அம்பத்தஞ்சு. ரெண்டு பேரும் மூச்சு விடாம அந்த எண்ணையே பார்த்துக்கிட்டிருந்தோம். பன்னெண்டு ஒன்பதுக்கு மகளுக்கு அனுப்பினார்.

மகள் பதில் அஞ்சு நிமிஷத்துல வந்துச்சு. அவர் எனக்கு வாசிச்சுக் காட்டினார். எல்லாம் போட்டு முடிச்சுட்டாங்களாம், திரையையும் சுருட்டியாச்சாம், அம்மா வீட்டுக்காரங்க கிளம்பிட்டு இருக்காங்களாம். பரவாயில்லைப்பா, நான் அப்புறம் பார்க்கிறேன்னு எழுதியிருந்தா.

அப்புறம், இவ்வளவு நேரம் கூடவே இருந்து கஷ்டப்பட்டீங்க, நீங்களாவது ஒரு தடவை பாருங்கம்மான்னு சொல்லி வீடியோவை ஓட விட்டார். முதல்ல ஆறு வயசுப் பொண்ணு லிஃப்ட்டுக்குள்ள நின்னு மாடி எண்ணைச் சத்தமா படிக்குது. அப்புறம் அதே பொண்ணு பள்ளிக்கூடச் சட்டையில. கடைசியில இவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். பொண்டாட்டியைப் பத்தி அன்னைக்குத் தான் சொன்னது முழுக்கப் பொய்னு, ஒரு வார்த்தை விடாம, கேமராவைப் பார்த்துச் சொல்றார். ஒரு ஹால் முழுக்கக் கேட்க வேண்டியதை நான் ஒருத்தி உட்கார்ந்து கேட்டேன்.

என்னால முடியல. வேலை போனாலும் போகட்டும்னு சொல்லிட்டேன். கோளாறு என்னன்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரியும், வேணும்னுதான் இழுத்தடிச்சேன், நீங்க ஃபோனை வெச்சுடக் கூடாதுன்னு இழுத்தடிச்சேன்னு சொன்னேன். மன்னிச்சுடுங்கன்னு சொல்ல வாய் வரல.

திட்டுவார்னு காத்துக்கிட்டிருந்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"பேச ஆள் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "அனுப்பி முடிச்சுட்டு நான் சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்பேனே. எனக்கு மட்டும் வேற யார் இருக்கா?"

அதுக்கப்புறம் ஃபோனை வெச்சுட்டார். ஸ்க்ரீன்ல அழைப்பு நேரம் ஒரு மணி நாப்பது நிமிஷம்னு காட்டுச்சு. கோளாறு தீர்ந்ததான்னு கேட்கிற கட்டத்துல நான்தான் டிக் பண்ணணும். பண்ணாம, ஹெட்செட்டைக் கழட்டாம உட்கார்ந்திருந்தேன்.