பாய்லருக்காகச் சொன்னது

எங்கள் சலவைக்கூடத்துக்குப் பதினோரு முதலாளிகள். பதினோரு பேருக்கும் முதுகுவலி. பழைய முதலாளி பூட்டிவிட்டுப் போன இடத்தை, வேலை பார்த்த நாங்களே சேர்ந்து எடுத்து நடத்துகிறோம். எங்கள் பகுதி என்றால் எந்த வங்கியும் கடன் தராது. முகவரியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குவார்கள். நிதி அமைப்புகளிடம்தான் போய் நிற்க வேண்டும். இந்த மாதம் மட்டும் பாய்லர் மூன்று முறை நின்றுவிட்டது. புதிது வாங்காவிட்டால் கூடத்தை மூட வேண்டியதுதான்.

அன்று அப்படியோர் அமைப்பிலிருந்து வந்த அதிகாரியம்மா நல்லவர்தான். ஈரத் தரையில் பார்த்துப் பார்த்து நடந்து எல்லாவற்றையும் கவனித்தார். ஒரு நாளைக்கு எத்தனை போர்வை துவைக்கிறோம், எந்தெந்த விடுதிகள் வாடிக்கை என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவை மூடினார்.

“அதெல்லாம் ஃபாரத்துலயே இருக்குங்க. இது எப்படி ஆரம்பிச்சுது? அதைச் சொல்லுங்க.”

என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவளும் முதலாளிதான், இஸ்திரிப் பக்கம். “அண்ணி, அண்ணனைப் பத்திச் சொல்லுங்க” என்றாள்.

எத்தனையாவது தடவை! எரிச்சலாக வந்தது. செத்துப்போன புருஷனை எத்தனை தடவைதான் எடுத்து அலசுவது? ஆனாலும் சொன்னேன். இதே பாய்லரின் நீராவிக் குழாய் வெடித்தது, அவர் வெந்துபோனது, பழைய முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டாமல் கூடத்தைப் பூட்டிவிட்டுப் போனது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் கண் கலங்கும் என்பது எனக்கு அத்துப்படி. அங்கே நிறுத்தினேன்.

“போறதுக்கு முன்னாடி, ‘தங்கச்சி சாப்பிட்டாளா’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் பேசினாரு.”

உண்மையில் என் புருஷன் எதுவுமே பேசவில்லை. கண்ணையே திறக்கவில்லை. நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிற்பாடு ஒரு நிதி அமைப்பு வந்தபோது, கேட்டவர்கள் முகத்தில் ஓர் அசைவும் இல்லாததால், வாய்க்கு வந்ததைச் சேர்த்துவிட்டேன். அன்றும் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாய்லருக்கு நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே ஒரே கும்மாளம். எனக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இனி யாரிடமும் அந்தப் பொய்யைச் சொல்வதில்லை, நாத்தனாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவளைத் தேடிப் போனேன்.

மடித்த போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“உங்களைப் போட்டுப் படுத்துறேன்ல, அண்ணி? பணத்துக்காக மட்டும் இல்ல. நீங்க சொல்லச் சொல்ல எனக்குக் கேக்கணும்போல இருக்கு. அன்னிக்குக் காலையில அண்ணன்கூடச் சண்டை. மூஞ்சியைக்கூடப் பார்க்காம வந்துட்டேன். அவன் கோவமில்லாமத்தான் போனான்னு தெரியுதுல்ல, அதுலதான் என் நாள் ஓடுது.” தலையைத் தூக்கினாள். “நெஜமாவே கேட்டானா, அண்ணி?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒரு தடவையா? ரெண்டு தடவை கேட்டாரு” என்றேன்.