பச்சை போதாது

மலர்க்கொடி தொட்டியில் உரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் சுரேன் எட்டிப் பார்த்தான்.

“பச்சை பத்தலக்கா. நைட்ரஜன் பாஜா இன்னும் ஒரு கோப்பை போடுங்க.”

“மொதலாளி சொன்ன அளவு போட்டாச்சே, தம்பி.”

“சூப்பர்மார்க்கெட்காரங்க பாக்க வர்றாங்க, லா. போஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

இன்னொரு கோப்பை உரம் போட்டாள். ஒரே தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். செம்பனைக் காட்டில் மட்டை இழுத்து முட்டி தேய்ந்தவளை, டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்து இந்தத் தக்காளிப் பசுமைக்குடிலுக்குக் கூட்டிவந்தவனும் அவன்தான். இந்த வேலை போனால் மறுபடி செம்பனைதான். அதற்கு முட்டி இடம் கொடுக்காது.

இலைகள் கருகருவென்று விரிந்தன. பூ குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கே பார்க்கப் பெருமையாக இருந்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். “எல்லாம் நம்ம பக்குவம்தான்,” என்று சுரேன் செடிகளுக்கு நடுவே போட்டோவுக்கு நின்றான். இலைக் கனம் தாங்காமல் கொடி சாய்ந்தது.

“அக்கா, ஓரமா நின்னு தூக்கிப் புடிங்க.”

கறுப்புக் கயிறு கட்டிய கையால் பிடித்தாள்.

பிறகு வெள்ளை ஈ வந்தது. செடியைத் தொட்டால் மாவைத் தூற்றியதுபோல் கிளம்பியது. மருந்தடித்தும் அடங்கவில்லை. இலைகள் சுருண்டு மஞ்சளாயின. மலாக்காவிலிருந்து முதலாளி கணேசமூர்த்தி வந்து ஓர் இலையைக் கசக்கிப் பார்த்தார்.

“பாஜா மிஞ்சினா இலை கொழுத்து மெதுமெதுன்னு ஆயிடும். ஈக்கு விருந்து வெச்ச மாதிரி. கலக்குறது யாரு?”

சுரேன் மலர்க்கொடியின் பக்கம் திரும்பவே இல்லை. “அக்காதான், போஸ். அளவு சொல்லித்தான் வெச்சேன். கேக்கல.”

“நீதானே தம்பி போடச் சொன்ன?”

“நான் எப்பக்கா சொன்னேன்?”

அந்த ‘அக்கா’தான் அவளைச் சுட்டது. பொய்யைக்கூட மரியாதையோடு சொல்லத் தெரிந்திருந்தது அவனுக்கு.

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். உரக்கறை படிந்த கை ஒருத்தியுடையதுதான்.

“செடியெல்லாம் புடுங்கிப் போட்டுடும்மா. நாளையிலேர்ந்து வர வேணாம்.”

வரிசை வரிசையாகப் பிடுங்கினாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் முட்டி வலித்தது. முதலாளியின் கார் போனதும் சுரேன் பக்கத்தில் வந்தான்.

“மனசுல வெச்சுக்காதீங்கக்கா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு, லா.”

“எனக்கு முட்டி இருக்குடா,” என்றாள்.

வெளிவாசல் வேலியில் போன வாரம் கட்டிய பேனர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சுரேன் சிரித்துக்கொண்டு நின்றான். படத்தின் ஓரத்தில், முழங்கையோடு வெட்டுப்பட்டு, கறுப்புக் கயிறு கட்டிய அவளுடைய கை மட்டும் கொடியைத் தாங்கிப் பிடித்திருந்தது.