மியூசியத்துக்கு அழைக்கும் பாடம்

காதலைச் சொல்வதற்கென்றே ஆண்டவன் சம்மணமிட்டு உட்கார்ந்து செய்த மொழி இத்தாலிய மொழி. இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர், தையற்கடை மாடியில் அதற்கு மாலை வகுப்பு நடத்துகிற ஆசிரியர். போன வருஷம் அதே அறையில் கராத்தே நடத்தியபோது ஆண்டவனுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்.

லிஃப்ட் மெக்கானிக் நம்பிச் சேர்ந்தார். நாற்பத்தாறு வயது, கல்யாணம் கூடிவரவில்லை. பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாக நின்றுவிட்டு, ராத்திரி ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பவர்.

"நம்ம பாஷையிலயே உனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்ல வராது. இதுல இத்தாலி வேறயாடா?" என்றாள் அக்கா போனில்.

"அங்க எல்லாரும் திக்கித்திக்கித்தான்கா பேசுறாங்க. வித்தியாசம் தெரியல."

அந்த வாரப் பாடம், ஒருவரைக் கலை பார்க்க அழைப்பது எப்படி. மணியடிக்க அடிக்க ஆண்கள் நாற்காலி மாறி, எதிரே இருக்கும் பெண்ணிடம் "தி வா தி வெனீரே அல் மூஸேயோ கோன் மே?" என்று கேட்க வேண்டும். என்னோடு மியூசியத்துக்கு வர இஷ்டமா என்று அர்த்தம். பெண்கள் "வொலென்தியேரி", அதாவது சந்தோஷமாக, என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஐந்து மணி என்பதுகூடப் பாடத்தாளிலேயே அச்சாகியிருந்தது. சனிக்கிழமைக்கு அந்த மொழியில் 'சாபதோ' என்று பெயர். மெக்கானிக் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற பெண்கள் தாளைப் பார்த்துச் சொன்னார்கள். மருந்துக்கடைப் பெண்மணி மட்டும் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். 'காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வந்த தொழில் பழக்கம் அது. ஆனால் முழுகுகிறவனுக்குத் துரும்பும் கப்பல்.

சனிக்கிழமை நகக்கண்ணில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, அதன் வாடை போக சென்ட் அடித்துக்கொண்டு மியூசியப் படியில் போய் நின்றார். தூண் ஓரத்தில் இன்னொரு சென்ட் வாடை. வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர், பேங்க் மேனேஜர்.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"சும்மா. பழைய பானையெல்லாம் பாக்கலாம்னு. நீங்க?"

"நானும் பானைதான்."

இருவரும் பானை இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்கள். பஸ்கள் வந்தன, யார் யாரோ இறங்கினார்கள்.

"சனிக்கிழமைன்னா மருந்துக்கடையில கூட்டம் இருக்கும்ல," என்றார் மேனேஜர், பொதுவாக.

மெக்கானிக் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்டயும் கண்ணைப் பாத்துத்தான் சொன்னாங்களா?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் பதில்.

தெருவிளக்கு எரிந்தது. வீட்டுக்குப் போகலாம். போனால் வீடுதான் இருக்கும். மேனேஜரும் கிளம்புவதாகத் தெரியவில்லை.

சீட்டு கொடுக்கிற அம்மாள் ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "உள்ள வர்றீங்களா, கவுன்ட்டரை மூடவா? ரெண்டு பேரும் சேர்ந்து வந்தவங்கதானே?"

மேனேஜர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார் மெக்கானிக்.

சனிக்கிழமை மாலைகளில் அங்கே ஜோடிகளுக்குச் சலுகை உண்டு. இருவரும் ஜோடிச் சீட்டில் உள்ளே போனார்கள்.