ஜெனீவாவுக்குத் தைத்த கோட்டு

ஜெனீவாவில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, இருதயம் ஐயாவுக்கு மலாயாவில், பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலிலேயே பல் கிட்ட ஆரம்பித்துவிட்டது. ரயில்வே ஆபீஸில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் பெஞ்சு. உலக சமாதான சங்கத்தின் சிலாங்கூர் கிளைக்குச் செயலாளர். கிளாங்கில் விவசாயக் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின வாரமே நாகையா டெய்லரிடம் போய்க் கனத்த கம்பளித் துணியில் ஒரு கோட்டுத் தைத்து வாங்கிவிட்டார். கப்பல் டிக்கெட் இன்னும் வரவில்லை. கோட்டு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்த 1936-ம் வருஷம் ஜெனீவாவில் ஒரு சமாதான மாநாடு. மலாயாத் தமிழர் சார்பில் ஓர் ஆளை அனுப்புவதாகச் சிங்கப்பூர்த் தலைமைச் சங்கம் எழுதியிருந்தது. ஆளைப் பொறுக்குவது கிளைத் தலைவி பென்ரோஸ் துரைசாணியின் பொறுப்பு. கண்காட்சியில் சங்கம் போடும் கூடாரத்துக்குச் சாயங்காலம் வருவாள்; யார் நிஜமாகவே ஒரு சண்டையைத் தீர்த்துக் காட்டுகிறாரோ அவர் பெயரை அங்கேயே சொல்லிவிடுவாள்.

இருதயம் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பங்குச் சாமியாருக்குத் தெரியும், சவரக் கடைக்குத் தெரியும், ரயில்வே குவார்ட்டர்ஸில் நாய்க்குக்கூடத் தெரியும். மனைவி மகதலேனா மட்டும், "போயிட்டு வந்து சொன்னா ஆகாதா?" என்று கேட்டாள்.

"போயிட்டு வந்தவன் சொன்னா எவன் கேப்பான்? போறதுக்கு முன்னால சொன்னாத்தானே வயிறு எரிவான்!" என்றார் சமாதானச் செயலாளர்.

எரிய வேண்டிய வயிறுகளில் முதல் வயிறு தம்புசாமியுடையது. மராமத்து இலாகா ஓவர்சியர். சங்கத்தின் துணைச் செயலாளர். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு போட்டோ. சங்கத்தின் முதல் ஆண்டு விழாவில் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கழுவி வந்த படத்தில் தம்புசாமியின் ஜரிகைத் தலைப்பாகை கோபுரமாக நின்றது. அதன் பின்னால் இருதயத்தின் இடது காது மட்டும் தெரிந்தது. அந்தக் காதையே கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சங்கத்தில் ஒரு தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியதில்லை.

பேச்சு இல்லையே தவிர, பேசாமல் இருந்ததில்லை. பேச்சு அறுந்தவர்கள் எப்படிப் பேசிக்கொள்வது என்று நம் ஜனங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மாமியார் மருமகளுக்கு அம்மிக்கல் இருக்கிறது. பங்காளிகளுக்கு வேலியோர மாடு இருக்கிறது. இவர்களுக்குக் கூடாரத்து மேசையில் ஒரு புறா கிடைத்தது. மூன்றாவது தொண்டரான வெரோனிகா டீச்சர் இலவம்பஞ்சில் செய்துகொண்டு வந்த சமாதானப் புறா. கழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது. கண்காட்சியன்று காலையில் வந்த முதல் ஆள், "டீச்சரம்மா, வாத்து என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவனுக்குப் பிறகு ஈதான் வந்தது. அதுவும் பக்கத்து அன்னாசிப் பழப் போட்டிக்கு வந்த ஈ. இன்னொரு பக்கம் கன்னையாவின் துப்பாக்கிக் கடை. காற்றுத் துப்பாக்கியால் தகரச் சிப்பாயைச் சாய்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி பரிசு. தோட்டத்து ஜனம், பாசார்க் கடைத்தெரு ஜனம் மொத்தமும் அங்கேதான் மொய்த்தது. 'சண்டையோடு வாருங்கள், சமாதானத்தோடு போங்கள்' என்ற பலகைக்குக் கீழே மூன்று தொண்டர்கள் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கிராணி அண்ணே!" என்று கன்னையா, மலாய்க்காரன்போல் 'லா' போட்டு, அங்கிருந்தே கத்தினான். "ஓசியில குடுத்தும் சமாதானம் ஓடலியே லா! பத்துச் சிப்பாயை உங்க கடையில நிறுத்தட்டுமா?"

இருதயம் காதில் வாங்காதவர்போல் புறாவின் பக்கம் திரும்பினார். "புறாவே, துரைசாணி வர்ற நேரத்துல சில தலைப்பாகைங்க முன்னால வந்து நிக்கக்கூடாதுன்னு சொல்லு."

தம்புசாமி புறாவின் மறுபக்கக் கண்ணைப் பார்த்தார். "மறைச்சா நஷ்டம்னு சொல்றதுக்கு அந்த மூஞ்சியில என்ன இருக்குன்னு கேளு புறாவே."

"புறாவுக்குக் காது நல்லாவே கேக்குது. ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க," என்றாள் வெரோனிகா.

இருதயத்தின் காலடியில் பழைய பேப்பரில் சுற்றிய கோட்டு இருந்தது. பெயரைச் சொன்னவுடன் போட்டுக்கொண்டு துரைசாணிக்கு ஒரு சலாம் வைப்பது என்று திட்டம். அவர் நெஞ்சை உறுத்தியது வேறொன்று. தம்புசாமியின் காலடியிலும் ஒரு பொட்டலம் இருந்தது. காலையிலிருந்து மனுஷன் அதை விட்டு அந்தண்டை இந்தண்டை நகரவில்லை. என்ன அது? துரைசாணிக்கு மாலையா? பட்டுச் சால்வையா? சண்டாளன், லஞ்சம் கொடுத்தா ஜெனீவா போகப் பார்க்கிறான்?

மத்தியானம் தாண்டி ஒரு வழியாகச் சண்டை வந்தது. ரவாங் பக்கத்துத் தோட்டத்து இராஜம்மா, புருஷன் பக்கிரிசாமியைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கேளுங்க கிராணி ஐயா! சட்டி பானை வாங்கலாம்னு வந்தோம். இந்த மனுசன் கையில இருந்ததையெல்லாம் அந்தத் துப்பாக்கியில போட்டுச் சுட்டுட்டு நிக்குது. ஒரு சிப்பாயாச்சும் விழுந்துச்சா கேளுங்க!"

இருதயத்தின் முகத்தில் ஜெனீவா ஏரி தெரிந்தது. "உக்காரும்மா. உன் புருஷன் ஏன் சுட்டான்னு விளங்கணும்னா, இத்தாலிக்காரன் அபிசீனியாவுக்குள்ள ஏன் போனான்னு மொதல்ல விளங்கணும்."

"தப்பு. மஞ்சூரியாவுல ஆரம்பிக்கணும்னு சொல்லு புறாவே," என்றார் தம்புசாமி.

"அபிசீனியாதான் கிட்டத்துச் சண்டைன்னு சொல்லு!"

"மூலம் தெரியாம முனையைப் பிடிக்கறது முட்டாள்தனம்னு சொல்லு!"

புறா நடுவில் ஆடியது. இராஜம்மா கொஞ்ச நேரம் இவரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு புருஷன் காலரை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தாள். "வாங்க போயிரலாம். இதுக்கு நீங்க சுட்டதே தேவலை."

இரண்டு பேரும் கைகோத்தபடி கூட்டத்தில் கலந்து மறைந்தார்கள்.

"சமாதானம் ஆயிட்டாங்க ஐயா!" என்றாள் வெரோனிகா.

"எப்படி ஆவாங்க? நான் இன்னும் சர்வதேச சங்கத்துக்கே வரலியே!" என்று அலறினார் இருதயம். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜோடி போயே போய்விட்டது. கையில் கிடைத்த ஒரே சண்டை! அதைக் காட்டாமல் எதைக் காட்டுவது?

நினைத்து முடிப்பதற்குள் கார் சத்தம். வெள்ளைக் குடையும் தொப்பியுமாகப் பென்ரோஸ் துரைசாணி வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வரும். தோட்டத்தில் கூலி ஆட்களை ஏவிக் கற்ற தமிழ். அதில் மரியாதை என்ற சரக்கு இறக்குமதி ஆகவே இல்லை.

"ஏய், சமாதானம் எத்தனை ஆச்சு?"

"ஒண்ணு ஆச்சுங்க, மேடம்..." என்று இருதயம் இழுத்தார்.

"எங்கே? காட்டு!"

இருதயம் கூட்டத்தைக் கண்ணால் துழாவினார். தம்புசாமி தொண்டையைக் கனைத்தார். "புறாவே, ஓடிப்போன ஜோடியை எங்கேன்னு காட்டச் சொல்லு."

"ஓட்டினது யாருன்னு கேளு புறாவே!"

துரைசாணி குடையை மடக்கினாள். "இவன் ஏன் வாத்துகிட்டப் பேசறான்? அவனும் ஏன் வாத்துகிட்டப் பேசறான்?"

வெரோனிகாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போட்டோ, தலைப்பாகை, காது, ஒரு வருஷம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள்.

துரைசாணி கையைத் தட்டினாள். "ரொம்ப நல்லது! சண்டை இங்கேயே இருக்கு. மூஞ்சியைப் பார்த்து எவன் முதல்ல பேசறானோ, அவன் ஜெனீவா போறான். டீச்சர், வாத்தை எடு!"

புறாவை எடுத்தாகிவிட்டது. நடுவில் வெறும் மேசை.

கன்னையா துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். அவன் பின்னால் அவன் கடைக் கூட்டம் முழுவதும் வந்தது. காலையிலிருந்து வராத ஜனம் இப்போது கூடாரக் கயிற்றை இடித்துக்கொண்டு நின்றது.

இருதயம் தம்புசாமியின் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் மீசை நரைத்திருந்தது. ஒரே ஒரு வார்த்தை. 'என்னப்பா' என்றால் போதும். கப்பல் கிளம்பிவிடும். ஜெனீவாவில் பனி விழும், கோட்டுக் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டு அவர் நடப்பார். நாக்கு அண்ணத்தைத் தொட்டது.

அப்போதுதான் சவரக் கடை கண்முன் வந்தது. 'கேட்டியா சேதி? இருதயம் இறங்கி வந்துட்டான். மொதல்ல வாயைத் தொறந்தது அவன்தான்.' பூசையில் முதல் பெஞ்சுக்குப் பின்னால் சிரிப்பு. ஜெனீவாவில் எத்தனை நாள் இருந்துவிட முடியும்? திரும்பிப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தானே வர வேண்டும்!

நாக்கு இறங்கி உட்கார்ந்துகொண்டது.

எதிரே தம்புசாமியின் உதடும் ஒரு தரம் துடித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. உதடு மூடிக்கொண்டது.

"பேசு அண்ணே, பேசு! ஓசிக் கப்பல் லா!" என்று கன்னையா கெஞ்சினான்.

இருதயம் கூடாரத்தின் உச்சியைப் பார்த்தார். தம்புசாமி அன்னாசிப் பழத்தைப் பார்த்தார். துரைசாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி. என் துரை லீவுல சீமைக்குப் போறான். அவனே தமிழ் ஆளுங்களுக்காக ஜெனீவா போய்ப் பேசுவான்," என்றாள். கட்டின புருஷனுக்கும் அவள் தமிழில் மரியாதை கிடையாது. குடை விரிந்தது, கார் போய்விட்டது.

கிளாங் மழைக்கு நேரம் காலம் தெரியாது. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடுவதற்குள் மூவரும் தெப்பமாக நனைந்துவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் திரும்பும் ரயிலில் ஒரே பெட்டிதான் காலியாக இருந்தது. இருதயம் இந்த ஜன்னலோரம், தம்புசாமி அந்த ஜன்னலோரம், நடுவில் நனைந்த புறாவோடு வெரோனிகா.

ரயில் ஒரு குலுக்கல் குலுக்கியது. தம்புசாமியின் பொட்டலத்தில் ஊறிப்போன பேப்பர் கிழிந்து, உள்ளே இருந்தது சரிந்து தரையில் விழுந்தது.

மாலையுமில்லை, சால்வையுமில்லை. கோட்டு. கனத்த கம்பளிக் கோட்டு.

இருதயம் தன் மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். அதே துணி. அதே சாம்பல் கட்டம். அதே கொம்புப் பொத்தான்.

பிறகு இருதயம் மெதுவாக வாயைத் திறந்தார்.

"புறாவே, இதை யார் தச்சதுன்னு கேளு."

"நாகையான்னு சொல்லு புறாவே."

"இந்த மாதிரித் துணி மலாயாவுலேயே இது ஒண்ணுதான்னு என்கிட்டச் சொன்னான்னு சொல்லு."

"என்கிட்டயும் சத்தியம் பண்ணினான்னு சொல்லு. ஜெனீவா போறது நான்தான்னு ஊரே பேசுதுன்னும் சொன்னான்னு சொல்லு."

"அடப்பாவி! அதே வார்த்தைதான் புறாவே!"

வெரோனிகா புறாவைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் பலகையில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தம்புசாமி தலைப்பாகையைக் கழற்றிப் பிழிந்தார். "காலையில விடிஞ்சதும் அவன் கடை திறக்கறப்ப, ரெண்டு ஆளாப் போய் நாலு சாத்து சாத்தினா என்னன்னு கேளு புறாவே."

இருதயத்தின் முகம் அந்த நாளிலேயே முதல் தடவையாக மலர்ந்தது. "கைப்பிடி கெட்டியா இருக்கற குடையா எடுத்துக்கிட்டு வரச் சொல்லு புறாவே. முன்வாசல்ல நான் நின்னுக்கறேன். பின்வாசல்ல தலைப்பாகையை நிக்கச் சொல்லு."

"சரின்னு சொல்லு."

அந்தப் போட்டோவுக்குப் பிறகு சங்கத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது அன்றைக்குத்தான்.